பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்

சத்தம் தொந்தரவாக இருக்கிறதா தம்பி? பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ் பள்ளத்தில் இறங்கினால் இது குலுங்கத்தான் செய்யும். மடியில் வைத்தாலும் குலுங்கும், பைக்குள் துண்டைச் சுற்றி வைத்தாலும் குலுங்கும். உள்ளே வேறொன்றும் இல்லை, புளியமுத்து. நூற்றுப் பத்து முத்து. எங்கள் ஊரில் நூற்றுப் பத்து வயதைத் தாண்டி யாரும் இருந்ததில்லை. அவ்வளவு போதும் என்று என் வீட்டுக்காரி நேசமணி போட்டு வைத்தாள். டப்பாவும் அவளுடையதுதான். பவுடர் டப்பா. மூடியைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் பவுடர் மணம் வரும். புளிமணம்தான் வருகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரே ஒரு ஆளைத் தவிர.

நீங்கள் டவுனுக்கா? நல்லது. நான் அதற்கு முந்தின நிறுத்தம், மிஷன் காம்பவுண்ட். அங்கே சேகர ஆபீசில், சுற்றுவட்டாரச் சபைகளுக்கெல்லாம் பொதுவான ஆபீஸ் அது, நாலு மணிக்குக் கூட்டம். இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாகப் போகிறேன். திங்கள்கிழமை போனேன். கண் அசந்துவிட்டது போலிருக்கிறது, டவுன் பஸ் நிலையம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். புதன்கிழமை இறங்கினேன். ஆபீஸ் பூட்டியிருக்கும் என்று தோன்றியது, திரும்பிவிட்டேன். பூட்டியிருந்ததா என்கிறீர்களா? கேட் வரைக்கும் போகவில்லை தம்பி. வெயில்.

இன்றைக்கு அப்படி விட முடியாது. இன்றைக்குத்தான் அந்தப் பேச்சை எடுக்கப்போகிறார்கள்.

நான் ஏலிம்குடியிருப்புக் கோயில்குட்டி. எங்கள் பக்கத்து வேதக்காரர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலைப் பெருக்கி, பாய் விரித்து, விளக்குத் துடைத்து, மணி அடிக்கிறவன் கோயில்குட்டி. முப்பத்தெட்டு வீட்டுச் சபை. கோயில் சின்னது, மணி மட்டும் பெரியது. காற்று சரியாக இருந்தால் உப்பளம் வரைக்கும் கேட்கும்.

யாராவது இறந்தால் மணி அடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் வயதுக்கு ஓர் அடி. எழுபது வயதுக்காரர் என்றால் எழுபது அடி, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூன்று மூச்சு விட்டு. மணி கேட்டதும் ஊர் கைவேலையை நிறுத்திவிடும். பெட்டி முடைகிற பெண்கள் அடிக்கு ஓர் ஓலையாகத் தள்ளி வைப்பார்கள். உப்பளத்தில் இருக்கிறவர்கள் விரலை மடக்குவார்கள். எண்ணிக்கை எங்கே நிற்கிறதோ, அங்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும். சொல்லி அனுப்ப ஆள் வேண்டாம். அதனால் எண்ணிக்கை தப்பவே கூடாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மணி இழுக்கிறவனுக்கு எண்ண வராது தம்பி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன்தான், எண்ணத் தெரியாதவன் இல்லை. கயிற்றைப் பிடித்தால் மனம் செத்தவரிடம் போய்விடும். அதற்காக நேசமணி கண்டுபிடித்த வழி இது. மணிக்கூண்டுக்குள் ஒரு சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் ஒரு தடவை இழுத்தால் டப்பாவிலிருந்து ஒரு முத்தை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போடுவாள். வாய் அசையாது. கடைசி முத்து விழுந்ததும் கையைத் தூக்குவாள். பதினாறு வருடம் ஓர் அடி தப்பியதில்லை.

அவள் போனாள். நாற்பத்தோர் அடி. எண்ண ஆள் இல்லாமல் நானே வலது கையால் இழுத்து, இடது கையால் முத்தைப் போட்டேன். சரியாக வந்ததா இல்லையா, இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒற்றைக் கைக் கணக்குத்தான். ஒருமுறை அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு அறுபத்தைந்து அடித்துவிட்டேன். அவருடைய மகன் கல்லறைத் தோட்டத்தில் வைத்தே கேட்டான்: "வேய் கோயில்குட்டி, எங்கப்பாவுக்கு மூணு வயசு கூட்டி அனுப்பிட்டீரே, மேல போயி வயசு இடிக்காதா?" துக்க வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஞானசீலன் உபதேசியார் எங்கள் ஊருக்கு வந்தார். குருவானவர் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் சபையை நடத்துவார். வயது இருபத்தெட்டு. வந்த மூன்றாவது ஞாயிறு, குருவானவர் அங்கி மாற்றுகிற வெஸ்டிரி அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். கோயிலில் எந்த வேலையானாலும் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. வேதம் வாசிக்க, காணிக்கைப் பை பிடிக்க, பூ வைக்க, பாய் விரிக்க, எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு பேர்.

நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. உப்பள மேஸ்திரி துரைராசுக்கு வேதம் வாசிக்க ஒரு பயலைச் சேர்த்துவிட்டார். நீளமான ராஜா பெயர் ஒன்று வந்ததும் மேஸ்திரி பாதியில் நின்றுவிட்டார். பக்கத்தில் நின்ற பயல், "மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க மாமா, அவசரமில்ல" என்றான். சபையே குலுங்கிச் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார். அதற்கு முன்னால் அந்த ஆள் கோயிலில் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் பெயருக்கு நேரே எப்சிபா என்று எழுதியிருந்தது.

எலியேசர் அண்ணனின் ஒரே மகள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அம்மா தங்கபுஷ்பம் உப்பளத்தில் உப்பு வாரப் போவாள். நெஞ்சு பலவீனம் உள்ளவள். படி ஏறக் கூடாது, சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பளத்தில் சுமை தூக்காமல் என்ன வேலை இருக்கிறது? போய்க்கொண்டுதான் இருந்தாள்.

முதல் நாள் நான் மணிக்கூண்டுக்குப் போனபோது அந்தப் பிள்ளை முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

"எழும்பு" என்றேன்.

"ஏன் மாமா?"

"அது ஆள் உள்ள இடம்."

எழுந்து, முக்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஆளக் காணுமே மாமா" என்றாள்.

எகத்தாளம் இல்லை தம்பி. நிஜமாகவே தேடித்தான் சொன்னாள். அவள் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, "பவுடர் மணக்கு" என்றாள். "அத்த எப்படி எண்ணுவாங்க?"

"வாயசைக்க மாட்டா."

அன்றையிலிருந்து அவளும் வாயசைக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள்.

புரட்டாசியிலிருந்து பங்குனி வரை ஐந்து சாவு விழுந்தது. ஐந்துக்கும் அவள்தான் முத்துப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அவள் போன பிறகு சிரட்டையைக் கவிழ்த்து நான் எண்ணிப் பார்ப்பேன். ஐந்து தடவையும் சரி. ஒரு முத்துக் கூடவில்லை, குறையவில்லை. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான்.

ஊரில் எல்லாரும் புகழ்ந்தார்கள். "எப்சி வந்தபொறவு மணி நேராச்சு" என்றார்கள். "நேசமணி இருந்த மாதிரியே இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அது எப்படி அந்த மாதிரியே இருக்கும்? நீங்களே சொல்லுங்கள். பதினாறு வருடம் எங்கே, ஆறு மாதம் எங்கே. எப்படியும் ஒரு நாள் தப்பும், பிள்ளைதானே என்று நான் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்றால், வேண்டிக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம் இல்லை.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள் தம்பி, தேரி மணல் அடிக்கிறது. ஆமாம், இந்தச் சிவப்பு மணல்தான் ஊர் முழுக்க. இதில் யாராவது ஓடினால் சத்தம் பெரிதாகக் கேட்காது. 'பொதுக் பொதுக்' என்று ஒரு மாதிரி கேட்கும். எனக்கு நன்றாகத் தெரியும்.

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. ஈசாக்குப் பாட்டையா காலமாகிவிட்டார். வயது எண்பத்தொன்று. நல்ல சாவு. பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடம் கோயில் வளவுக்குள்ளேயே இருந்தது. வாத்தியாரிடம் சொல்லி எப்சியைக் கூப்பிட்டேன். சந்தோஷமாக ஓடிவந்தாள். சாவுக்குச் சந்தோஷமா என்று நினைக்காதீர்கள், வகுப்பிலிருந்து தப்பிக்கிற சந்தோஷம் பிள்ளைகளுக்கு உண்டுதானே.

இழுக்க ஆரம்பித்தேன். ஒன்று. மூன்று மூச்சு. இரண்டு. அன்றைக்கு ஏனோ எனக்கு எண்ணிக்கை மனதில் நின்றது. அதாவது, நின்றது என்று நினைத்தேன். இழுத்துவிட்டு, பதினொன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, "எவ்வளவு?" என்று கேட்டேன்.

அதற்கு முன்னால் அப்படி நடுவில் நான் கேட்டதே இல்லை.

"பத்து மாமா."

"பதினொண்ணு."

"பத்துதான் மாமா."

"ஒரு முத்தக் கீழ போட்டிருப்ப. தேடு."

"போடல மாமா. இழுங்க மாமா, நிறுத்தாதீங்க."

என்னைப் பார்த்து நிறுத்தாதே என்று ஒரு பொடிப்பிள்ளை சொல்கிறது. கயிற்றை விட்டேன். சிரட்டையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். பத்து. முக்காலியைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலிட்டுத் தரையெல்லாம் தடவினேன். அந்தப் பதினோராவது முத்து அகப்பட்டால் போதும், ஞானசீலனிடம் காட்டிவிடலாம், பிள்ளைகளை எந்த வேலையில் வைப்பது என்று ஒரு முறை இருக்கிறது பாரும் என்று சொல்லிவிடலாம். அவள் பாவாடையை உதறச் சொன்னேன். எழுந்து நின்று உதறினாள். ஒன்றும் விழவில்லை. அழவும் இல்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஐந்து நிமிடம். கூடிப்போனால் ஆறு.

மணி நின்றுவிட்டது தம்பி. ஊர் எண்ணிக்கொண்டிருந்தது. நின்ற இடம் எது? யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்து வளவில் கைப்பிடிச்சுவர் இடிந்த ஒரு கிணறு இருந்தது. அதைப் பற்றித் தாய்மார்கள் தினமும் புலம்புவார்கள்.

நான் தரையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்கள் தலைவிரிகோலமாக வளவுக்குள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் முடைந்த பெட்டி பாதியாகத் தொங்குகிறது. "யாரு? எந்தப் பிள்ள? எம் பிள்ளையா?" என்று அலறுகிறார்கள். "ஒரு பிள்ளையுமில்ல, ஈசாக்குப் பாட்டையா. கணக்குத் தப்பிப்போச்சு, போங்க" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்துக்குள் பாய்ந்து அவரவர் பிள்ளையை இழுத்து அணைத்து, முதுகில் நாலு சாத்துச் சாத்தி, அழுது, சிரித்து, என்னைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

நான் எழுந்து கயிற்றைப் பிடித்தேன். விட்ட இடத்திலிருந்து எண்பத்தொன்று வரைக்கும் அடித்தேன். எப்சி ஒவ்வொன்றுக்கும் முத்துப் போட்டாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

இப்போது வலதுபக்கம் பாருங்கள். வெள்ளையாகக் குவித்து ஓலை மூடியிருக்கிறது பாருங்கள், அதுதான் உப்பளம். நாம் புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆகிறது? பஸ்ஸுக்கு அது ஒன்றுமில்லை. நெஞ்சு பலவீனமான ஒரு பொம்பளைக்குச் சித்திரை வெயிலில் ஒன்றரை மைல். அங்கே அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. பாதி வழியில் மணி மறுபடி அடித்ததே, ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால் கிழட்டுச் சாவு என்று தெரிந்திருக்குமே என்று முப்பத்தொரு வருடமாக எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். ஓடுகிறவளுக்குத் தன் மூச்சுச் சத்தம்தான் கேட்கும் தம்பி. அவள் நிற்கவில்லை.

எழுபத்தொன்பதாவது அடியில் மணிக்கூண்டு வாசலில் வந்து நின்றாள். காலெல்லாம் உப்பும் சிவப்பு மணலுமாக இருந்தது. முக்காலியில் உட்கார்ந்திருக்கிற மகளைப் பார்த்தாள். முகம் அப்படி விரிந்தது. "இங்கதான் இருக்கியாட்டி" என்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தாள். அப்புறம் சாய்ந்துவிட்டாள்.

கயிறு என் கையில் இருந்தது. இன்னும் இரண்டு அடி பாக்கி. அதை அடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. அடித்ததாகத்தான் ஊரில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் தங்கபுஷ்பத்துக்கு முப்பத்திநாலு அடி. யாரும் கூப்பிடாமல் எப்சி வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். நான் கயிற்றைப் பிடித்தேன். முப்பத்திநாலு முத்தை எடுத்துப் போட்டாள், தன் அம்மாவுக்கு.

அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது. பத்தாவது அடி அடித்து, மூன்று மூச்சு விடுகிற நேரத்தில், கோயிலுக்கு வெளியே மணலில் ஓடிவருகிற கால் சத்தம். பதினோராவது அடி விழுந்ததும் நின்றுவிட்டது.

அன்றிலிருந்து எந்தத் துக்க மணியானாலும் அது வரும். பத்து முடிந்ததும் வரும். அதனால் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நான் மூச்சு விடுவதில்லை. இழுத்துவிடுவேன். ஊரில் கேலி உண்டு: "கோயில்குட்டியாருக்குப் பத்து தாண்டினா பேய் பிடிச்ச வேகம்." நானும் சிரித்துக்கொள்வேன். சொன்னால் நம்பவா போகிறார்கள்?

அந்த ஞாயிறு குருவானவர் வந்து விசாரித்தார். "என்ன நடந்தது மாசிலாமணி?" என்றார். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "பிள்ளை ஒரு முத்தைத் தவறவிட்டுவிட்டது ஐயா, தேட வேண்டியதாகிவிட்டது" என்றேன். அவ்வளவுதான். அவள்மேல் குற்றம் என்று நான் சொல்லவில்லை, தண்டியுங்கள் என்றும் சொல்லவில்லை. சபைக் குறிப்பில் அவர்களாக எழுதிக்கொண்டார்கள்: சிறுபிள்ளையின் கவனக்குறைவால் இந்தத் துயரம் நேர்ந்தது, இனிமேல் ஆராதனை வேலைகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. ஞானசீலன் தானே போய் வெஸ்டிரிக் கதவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். பசை ஒட்டிய நாலு மூலை மட்டும் வரவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. நான்தானே கதவைத் துடைக்கிறவன், எனக்குத் தெரியும்.

எலியேசர் அண்ணன் மகளைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். போகிற அன்றைக்குக் கோயில் வளவு வழியாகத்தான் டிரங்குப் பெட்டியோடு போனாள். நான் பாயை உதறிக்கொண்டிருந்தேன். அவள் நின்றாள். நான் உதறிக்கொண்டே இருந்தேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன் தம்பி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு ஓடிவந்தது எத்தனை தாய்மார்? ஊருக்குள்ளிருந்து இரண்டு, உப்பளத்திலிருந்து ஒன்று. மூன்று. எங்கள் சபையில் அப்போது பத்து வயதுப் பிள்ளைகள் எத்தனை? மூன்று. பதினோரு வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களுடைய தாய் ஒருத்திகூட வாசலைத் தாண்டவில்லை.

புரிகிறதா? ஊரே எண்ணியிருக்கிறது. ஊர் எண்ணியது பத்து. பிள்ளை சொன்னதும் பத்து. பதினொன்று எண்ணியவன் நான் ஒருவன்தான்.

எப்போது தெரிந்தது என்கிறீர்களா? அப்போதே. அந்த இரண்டு பெண்கள் அவரவர் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிற்கும்போதே. அதனால்தான் கயிற்றைத் திரும்பப் பிடித்தபோது பன்னிரண்டாவது அடி என்று தொடங்கவில்லை. பதினொன்றைத்தான் அடித்தேன். ஈசாக்குப் பாட்டையாவுக்கு எண்பத்தொன்று சரியாகத்தான் போனது, என் கணக்கில் இல்லை, அவள் கணக்கில். தெரிந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை குருவானவரிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்.

இந்தத் தாய்மார் விஷயத்தை ஊரில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் ஒருவன்தான் யோசித்தேன், நான் ஒருவன்தான் வைத்திருந்தேன். அப்படித்தான் போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

போன மாதம் எலியேசர் அண்ணன் காலமாகிவிட்டார். எழுபத்திரண்டு. எப்சி வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். நாடியைப் பிடித்து எண்ணுகிற வேலை. இவ்வளவு வருடத்தில் அவர்தான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார், அவள் வந்ததில்லை. அன்றைக்கு வந்தாள். விடியற்காலம் போன உயிருக்குப் பிற்பகல் மூன்று மணி வரை நான் மணி அடிக்கவில்லை. வீட்டார் இரண்டு தடவை ஆள் விட்டார்கள். "கயிறு நைந்திருக்கிறது, மாற்றுகிறேன்" என்றேன். கயிறு நன்றாகத்தான் இருந்தது.

அவள் நேராக மணிக்கூண்டுக்கு வந்தாள். நெற்றியோரத்தில் நரை. உள்ளே வந்து முக்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆள் இருக்கா மாமா?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து, கொஞ்ச நேரம் மூக்கருகே வைத்திருந்தாள்.

இழுத்தேன். பத்து. கால் சத்தம் வரும் என்று தெரியும். வந்தது. எப்சி வாசல் பக்கம் தலையைத் திருப்பினாள் தம்பி. நான் பார்த்தேன். திருப்பினாள். அவளுக்கும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை. என் கை ஓடவில்லை, கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"இழுங்க மாமா, நிறுத்தாதீங்க" என்றாள்.

எழுபத்திரண்டும் முடிந்தது. அவள் எழுந்திருக்கும்போது, "எப்சி, அன்னைக்கி நீ எண்ணுனது" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா" என்றாள். "அம்ம பத்துக்குத்தான ஓடி வந்தா."

முப்பத்தொரு வருடம். பத்து வயதில் அந்த முக்காலியில் உட்கார்ந்து, அம்மாவுக்கு முத்துப் போடும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்பாவுக்கும் தெரியும்" என்றாள். "ஹாஸ்டலுக்குப் பஸ்ல போகும்போதே அவங்கட்ட சொன்னேன்."

"அப்பம் ஏன் ஊர்ல யாருட்டயும் சொல்லல?"

"எங்கிட்ட யாரு கேட்டா மாமா?"

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சொன்னேனோ, சொல்ல வாயெடுத்தேனோ. அவள் சிரட்டையிலிருந்த முத்தையெல்லாம் டப்பாவில் போட்டு மூடிக்கொண்டே, "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நீங்க எங்கிட்டயா பொய் சொன்னீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் மருந்து இன்ன நேரத்துக்கு என்று சொல்வார்களே, அப்படி. டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அடக்கத்துக்குப் போனாள். மறுநாளே ஊருக்குப் புறப்பட்டுவிட்டாள்.

அதோடு போயிருந்தால் நானும் இப்படியே இருந்திருப்பேன். இப்போது புது உபதேசியார் ஒருவர் வந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வெஸ்டிரிக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. அந்தப் பழைய நாலு மூலைக்கு மேலேயே ஒட்டிவிட்டார். சபையில் இன்றைக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர். ஒன்பதும் கதவை மொய்த்துக்கொண்டு தங்கள் பெயரைத் தேடுகின்றன. கமிட்டி உறுப்பினர் பொன்னுதுரை தன் வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் சத்தமாக வாசித்தார். சிறுபிள்ளையின் கவனக்குறைவால். "எழுதி வச்சிருக்கு, ஒரு உயிர் போயிருக்கு, வெளையாட்டில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கோயில்குட்டியாரு நேர்ல பாத்தவரு, கேட்டுக்கோங்க" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

சேகரக் கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் இன்றைக்கு நாலு மணி. நான் போய் அந்த வரியை வெட்டச் சொல்ல வேண்டும். சிறுபிள்ளை என்கிற இடத்தில் மாசிலாமணி என்று எழுதச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நிமிட வேலை. முத்தைக் கையில் கொண்டுபோனால் பேச வரும் என்று எடுத்துக்கொண்டு வந்தேன். உங்களிடம் வந்ததே பேச்சு. திங்கள்கிழமையும் ஒருவர் பக்கத்தில் இருந்தார், அவரிடமும் வந்தது.

இதுதானா நிறுத்தம்? பெட்டிக்கடை, வேப்பமரம். ஆமாம், இதுதான். அவசரம் வேண்டாம், இங்கே வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். கண்டக்டர் டைம்கீப்பரிடம் கையெழுத்து வாங்கப் போவார்.

அந்தப் பச்சை கேட் தெரிகிறதா? இங்கிருந்து முப்பது காலடி இருக்கும். புதன்கிழமை வெயில் என்று சொன்னேனே, வெயில் இல்லை தம்பி. அன்றைக்குக் காலடியை எண்ணிக்கொண்டுதான் நடந்தேன். பத்து வைத்ததும் பின்னால் மணலில் கால் சத்தம். இங்கே ஏது மணல்? தார் ரோடு. திரும்பி வந்து எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

டப்பாவை ஒரு நிமிடம் பிடியுங்கள், கம்பியைப் பிடித்து எழுந்துகொள்கிறேன். சரி, கொடுங்கள்.

ஓர் உதவி செய்வீர்களா? இந்த ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே என் காலடியை எண்ணுங்கள். உரக்க எண்ணுங்கள், எனக்குக் கேட்க வேண்டும். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

பத்து வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்.